பௌர்ணமியில் மூடிய தார்ப்பாய்

கிட்டங்கியின் இரும்புக் கதவை உருட்டித் திறந்ததும் சணல் மூட்டையின் வாடை முகத்தில் வந்து மோதியது. சணலும் உளுந்துத் தூசும் கலந்த வாடை. மழை ஈரத்தையும் பழைய வெயிலையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டிவைத்தது மாதிரி. யாங்கோனில் இறங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மூச்சில் நான் விருதுநகர் பஜாரில், பெரியப்பாவின் கிட்டங்கியில், ஏழு வயதில் நின்றேன். மூட்டைச் சந்துகளில் நானும் தங்கை சாந்தியும் ஒளிந்து விளையாடுவோம். நான் மூட்டை மேல் மல்லாந்து ஓட்டைக் கூரை வழியே வரும் வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். அவள் உளுந்து வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் வளர்ப்பாள்.

அதே சாந்தி இன்று அப்பளக் கம்பெனி நடத்துகிறாள். வண்டு என்ற சொல்லைக் கேட்டாலே தூக்கம் போய்விடும் அவளுக்கு.

நான் வந்ததே வண்டு விஷயமாகத்தான். உளுந்து கடல் கடக்க வேண்டுமென்றால் அதில் உயிருள்ள பூச்சி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, மருந்துப் புகையில் ஐந்து முழு நாள் வைத்து, பிறகு பர்மாவின் பயிர் காப்பு அதிகாரி சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் சென்னைத் துறைமுகம் மூட்டையைத் தொடவிடாது. இதற்கு மேல் இன்னொரு முடிச்சு. பர்மா உளுந்துக்கு நம் அரசு திறந்துவிட்டிருந்த வழி இந்த மாதக் கடைசியோடு மூடுகிறது. அதற்குள் கப்பலேறிய சரக்குக்குத்தான் அனுமதி. நீட்டிப்பார்களா, மாட்டார்களா என்பது உத்தரவு போடுகிறவர்களுக்கே முந்தின நாள் வரை தெரியாது. மாதத்தின் கடைசிக் கப்பலுக்கு, வருகிற புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எங்கள் சரக்குப் பெட்டி துறைமுகக் கதவைத் தாண்டியாக வேண்டும். தவறினால் தீபாவளிக்கு முன்னாலேயே சாந்தி கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். அவளை நம்பி அப்பளம் தேய்க்கும் பெண்கள் ஐம்பது பேர்.

அவள் வீட்டுக்காரர் காலில் மாவுக்கட்டு. என்னிடம், ஊர் சுற்றும் அரிப்பில் எப்போதோ எடுத்துவைத்த மியான்மர் விசா ஒன்று சும்மா கிடந்தது. "நீ கவிதை எழுதறவ, ஒனக்கு என்ன வேலை? போய் நில்லுக்கா. ஆள் நின்னா நடக்கும்" என்றாள். நின்றேன். வியாழக்கிழமை காலை, பயின்னௌங் மொத்தச் சந்தைக்குப் பின்னால், சேற்றில் செருப்பு புதைய.

"அக்கா, பிழை எம்மேலதான்" என்றார் சாமுவேல். ஏற்றுமதிக்காரரின் ஆபீசில் காகித வேலை பார்ப்பவர். நாற்பது வயது இருக்கும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மிஷன் பள்ளிக்கு எழுத்தராக வந்தவரின் பேரன். கைலியை இழுத்து முடிந்துகொண்டே பேசினார். "ரெண்டு நாளா போன் எடுக்கலே. வெக்கம். பசியாறினீங்களா?"

"பசியாறுறது இருக்கட்டும். என்ன நடந்துச்சு?"

நடந்தது இதுதான். சாந்தி எந்தக் காரியத்தையும் பௌர்ணமியில்தான் தொடங்குவாள். மருந்துப் புகையையும் போன பௌர்ணமியிலேயே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டாள். சாமுவேல் படிவத்தில் அந்தத் தேதியையே அடித்துவிட்டார். பர்மாவில் பௌர்ணமி என்றால் விரத நாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. "எங்களுக்கு ஞாயித்துக்கிழமைதானே கணக்கு. மானத்திலே நிலா பெருத்துச்சா சிறுத்துச்சான்னு யாரு பாக்கறது?"

பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். ஊ தௌங். கிட்டங்கியின் தலைவர். மருந்து வைக்கும் உரிமச் சீட்டு அவர் ஒருவரிடம்தான் உண்டு. பெயருக்கு முன்னால் வரும் ஊ, நம் ஐயா மாதிரி. ஒல்லி உடம்பு, வெற்றிலைக் கறை படிந்த சிரிப்பு. பௌர்ணமியன்று ஒரு கொசுவைக்கூட அடிக்காத மனிதர், ஒரு மலை உயரத்துக்கு வண்டுகளைக் கொல்வாரா? வாங்குகிறவர்களின் நல்ல நாளுக்கு மரியாதை கொடுத்துத் தார்ப்பாயை மட்டும் அழகாக மூடினார். சுற்றிலும் மணல் பை வைத்தார். சாமுவேல் படம் பிடித்து சாந்திக்கு அனுப்பினார். சாந்தி அதற்கு மூன்று கும்பிடு போட்டாள். மருந்து உள்ளே போனது மறுநாள் காலையில்.

செவ்வாயன்று தார்ப்பாயைப் பிரித்துவிட்டு அதிகாரியம்மா சும்மா ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். மருந்து எத்தனை நாள் இருந்தது?

"நாலு" என்றாராம் ஊ தௌங். கண்ணைக்கூட இமைக்கவில்லையாம்.

"அஞ்சுன்னு சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன் அக்கா. விரதத்தன்னைக்குக் கொல்லாம இருந்துட்டு மத்த நாள்லே பொய் சொன்னா, அப்ப நான் விரதம் இருந்ததே வீண்தானேங்கறாரு."

ஊ தௌங் தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு என்னைப் பார்த்து இரு கைகளையும் கூப்பினார். எனக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது.

"சரி, திரும்பவும் போட்டுடலாம். இப்பவே ஆரம்பிச்சா செவ்வாய் சாயங்காலத்தோட அஞ்சு நாள் ஆயிடும். புதன் காலைல பிரிக்கலாம்."

"அதிகாரியம்மா தன் கண்ணு முன்னாலே மருந்து வச்சாத்தான் ஒத்துக்குவேன்னுட்டாங்க. நாளைக்குக் காலையிலே வரச் சொல்லலாம்னு பாத்தேன். தேய்பிறை எட்டாம் நாளாம். இதுவும் விரதம்." சாமுவேல் ஊ தௌங்கின் பக்கம் கையை நீட்டினார். "இவரு வைக்கமாட்டாரு. அந்தம்மாவும் லீவு. நாளான்னைக்கு வச்சா கப்பல் போயிடும்."

ஆக, இன்று. இருட்டுவதற்குள். அதிகாரியம்மாவின் அலுவலகம் இன்சீனில். போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. சாமுவேல் தார்ப்பாயை ஒட்டுப்போட்டு அடுக்கைத் தயார்செய்ய வேண்டும். நான்தான் போகவேண்டும். பர்மிய எழுத்தில் ஒரு கடிதம் எழுதி என் கையில் திணித்தார். "மொதல்லே தாமுவே போங்க அக்கா. ஓட்டல்லே ஒங்க பாஸ்போட் இருக்கே, அதோட நகல் வேணும். அங்கேயே ரயிலடி இருக்கு. வட்ட ரயில். தப்பவே முடியாது."

தப்ப முடியாது என்பது உண்மைதான். அந்த ரயில் யாங்கோனைச் சுற்றிச் செக்குமாடு மாதிரி வருகிறது. எந்தப் பக்கம் ஏறினாலும் இன்சீன் வரும். எப்போது வரும் என்பதில்தான் சூட்சுமம். நான் சுற்று வழியில் ஏறிவிட்டேன் என்பது, கட்டடங்கள் தேய்ந்து கீரைப் பாத்திகள் வரத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

கீரைக் கட்டுகள் சன்னல் வழியாக உள்ளே வந்து விழுந்தன. அவற்றுக்குப் பின்னால் கீரைக்காரிகள் கதவு வழியாக வந்தார்கள். காடை முட்டைக் கூடை ஒன்று என் மடியில் ஏறியது. கூடைக்காரி கன்னத்தில் தனாகா பூசியிருந்தாள், சந்தனத்தை இலை வடிவில் வெட்டி ஒட்டியது போல. எங்கள் ஊர்ப் பாசஞ்சர் வண்டியில் நாகரிகமாக நகர்ந்து உட்காரச் சொல்வார்கள். இங்கே சொல்லவே இல்லை, மடியையே எடுத்துக்கொண்டார்கள். முட்டையைத் தோல் உரித்து உப்புத் தொட்டு நீட்டியபோது எனக்குப் பசித்தது நினைவுக்கு வந்தது. நாலு முட்டை தின்றேன். வண்டி நடுவயலில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மணி இரண்டே முக்கால்.

சாந்தி கூப்பிட்டாள். "ஏக்கா, எங்க இருக்க?"

"கீரைக்கு நடுவுல."

"வெளையாடாதக்கா. ஐம்பது பேரும் மொகத்தையே பாக்குறாளுக. பௌர்ணமியில ஆரம்பிச்ச காரியம் வெளங்காமப் போனதே இல்லக்கா!"

"பௌர்ணமியாலதான்டி வெளங்காமப் போச்சு!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்ப் பலகையில் இருந்த கல்லூரிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கறுத்த, களையான முகம். நம் வீட்டுப் பெண் மாதிரி.

"தமிழாம்மா நீ?"

"புரியும்..." என்றாள். பிறகு காற்றில் சொல்லைத் தேடினாள். கிடைக்கவில்லை. கையை ஆட்டி, "பேச... இல்லே" என்றாள். ஆனால் கடிதத்தை வாங்கிப் படித்தாள். மணி பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி முழுவதும் என் வண்டுக் கதை பர்மிய மொழியில் பரவியது. கீரைக்காரிகள் உச்சுக் கொட்டினார்கள். முட்டைக்காரி கூடையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள், இனி நான் ஓட வேண்டியவள் என்பதுபோல. வண்டி ஒரு குலுக்கலில் புறப்பட்டபோது எல்லாரும் சேர்ந்து "யா தே!" என்றார்கள். ஆகும், பரவாயில்லை, நடக்கும் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் அந்த ஒரே சொல்தான்.

இன்சீனில் அந்தப் பெண்ணும் என்னோடு இறங்கினாள். அவள் இறங்க வேண்டிய இடம் அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பக்கவாட்டு இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவில் என்னை ஏற்றி, ஓட்டுகிறவருக்கு வழி சொல்லி, அவர் முதுகில் ஒரு தட்டும் தட்டினாள். திரும்பிப் பார்த்தபோது அடுத்த வண்டிக்காக ரயிலடியிலேயே நின்று இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக்கொண்டிருந்தாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

டோ கின், அதிகாரியம்மா, ஒரு கையில் குடையும் மறு கையில் டிபன் கேரியருமாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார். என் வயதுதான். கடிதத்தைப் படியிலேயே நின்று படித்தார். அளந்து அளந்து வரும் ஆங்கிலத்தில் கேட்டார்: "கையெழுத்துப் போடாததற்கு என்மேல் கோபமா?"

"என் தங்கைக்குக் கோபம். எனக்கில்லை. நாலு நாளைய உளுந்து சென்னைக்குப் போய் அங்கே ஒரு வண்டு எழுந்து நடந்திருந்தால் அவள் கதி இதைவிட மோசம்."

அவர் குடையை மடக்கினார். "நான் வந்தால் நீங்கள் எனக்குத் தேநீர்கூட வாங்கித் தரக் கூடாது. அப்படித்தான் என் வழக்கம்."

"தண்ணீர்?"

"என்னிடம் இருக்கிறது, அமா." அமா என்றால் அக்கா. அந்தச் சொல்லில் எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

பின்னால் இரண்டு பலகை போட்ட பிக்கப் வண்டியில், பதினைந்து பேரோடு, முழங்காலளவு மழைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிட்டங்கி சேர்ந்தபோது ஐந்து இருபது. சாமுவேல் எங்களைப் பார்த்ததும் "ஆண்டவரே!" என்று தலையில் கை வைத்தார். அடுக்கு தயாராக இருந்தது. தார்ப்பாயில் புதிய ஒட்டுகள்.

ஊ தௌங் ஒரு மூங்கில் குச்சியை எடுத்தார். மூட்டை அடுக்கைச் சுற்றி மூன்று முறை நடந்தார். கைக்கெட்டிய மூட்டைகளை மெதுவாகத் தட்டி என்னவோ முணுமுணுத்தார். இரண்டாம் சுற்றில் ஒரு சாம்பல் பூனை சந்திலிருந்து துள்ளி வெளியே ஓடியது. பிறகு ஒரு பல்லி.

"என்ன சொல்றார்?"

"மருந்து வைக்கப் போறோம், போறவங்க போயிருங்கன்னு சொல்றாரு. எப்பவும் இப்படித்தான். அவரு அப்பாவும் இப்படித்தானாம்."

"வண்டு கேக்குமா?"

சாமுவேல் அதை மொழிபெயர்த்தார். ஊ தௌங் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "கேக்கறது அதோட இஷ்டம். சொல்றது நம்ம கடமைங்கறாரு."

"இன்னைக்குக் கொன்னா மட்டும் பாவம் இல்லையான்னு கேளுங்க."

கிழவர் வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தார். "இன்னைக்குப் பாவம் ஒண்ணு. நாளைக்கு ரெண்டு" என்றார் சாமுவேல். "ஒண்ணோட நிறுத்திக்கத்தான் இந்த அவசரமாம்."

தார்ப்பாயை இழுத்தோம். நானும் இழுத்தேன். மணல் பைகளைத் தோளில் சுமந்தேன். என் வாழ்க்கையில் எந்த வரியையும் அத்தனை இறுக்கமாக நான் கட்டியதில்லை. பிறகு எங்களை வெளியே போகச் சொன்னார்கள். ஊ தௌங் முகமூடி மாட்டிக்கொண்டு மருந்து வில்லைகளோடு உள்ளே போனார். டோ கின் வாசலில் நின்று கடிகாரத்தையும் அவர் கையையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசி மூலையில் கடைசி மணல் பை விழுந்தபோது ஐந்து ஐம்பத்தைந்து. மேற்கே மேகம் விலகி, சேற்றுத் தண்ணீர் முழுவதும் மாம்பழ நிறத்தில் பற்றிக்கொண்டது. டோ கின் எங்கள் படிவத்தில் அந்த நேரத்தைத் தன் கையால் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடிய 'டிக்' சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

ஐந்து நாள் சும்மா இருக்க வேண்டும். எனக்கு அது வராது.

வெள்ளிக்கிழமை ஊ தௌங் விரதமிருக்கும் புத்த மடத்தில் எனக்கு மோஹிங்கா போட்டார்கள். மீன் குழம்பில் சேமியாவை நீந்தவிட்டு வாழைத்தண்டும் பொரித்த பருப்பும் தூவிய காலைச் சாப்பாடு. இட்லியை மறக்கவைக்கும் என்று சொல்லமாட்டேன், இட்லி கொஞ்சம் பொறாமைப்படும். நண்பகலுக்குப் பிறகு அவர் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. நான் அவர் எதிரே வெட்கமில்லாமல் சுரைக்காய் பஜ்ஜி தின்றேன். சனிக்கிழமை தாமுவே சந்தையில் அலைந்தேன். பிள்ளையார் கோயில் பிரசாதத்தை வாங்கி வரும் பெண்கள், படியிறங்கியதும் பர்மிய மொழியில் மீனுக்குப் பேரம் பேசினார்கள். கரண்ட் போகும்போதெல்லாம் தெரு முழுவதும் ஜெனரேட்டர்கள் தொண்டையைச் செருமின. யாரும் பேச்சை நிறுத்தவில்லை, குரலை மட்டும் உயர்த்திக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாமுவேல் வீட்டில் சாப்பாடு. ஊ தௌங்கும் வந்திருந்தார். சாந்தி என் பையில் திணித்திருந்த அப்பளக் கட்டைப் பிரித்து நானே பொரித்தேன். எண்ணெயில் விழுந்த வட்டம் கொப்பளித்து விரிவதை ஊ தௌங் அடுப்பருகே குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து உடைத்தார். தின்றார்.

"இது நம்ம மட்பேவா?" என்று சாமுவேல் வழியாகக் கேட்டார். மட்பே என்றால் உளுந்து. இருபது வருஷமாக அந்த மூட்டைகளைத் தட்டித் தட்டி வழியனுப்புகிறவர், அவை போய் என்னவாகின்றன என்று பார்த்ததே இல்லை. பர்மாக்காரர்கள் அதை விளைவிப்பதோடு சரி, பெரும்பாலும் கப்பலேற்றிவிடுவார்கள்.

"ஆமா. இதுக்குத்தான்."

இன்னும் மூன்று தின்றார். ஐந்தாவதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இப்பத்தான் அந்த வண்டுகளோட கஷ்டம் புரியுதாம்" என்றார் சாமுவேல். "இத விட்டுட்டுப் போங்கன்னா யாரு போவாங்கறாரு."

புதன்கிழமை காலை தார்ப்பாய் பிரிந்தது. காற்றாட விட்டு, டோ கின் வந்தார். நான் அப்பளப் பொட்டலத்தை நீட்டினேன். பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கையெழுத்துக்கு முன்னால் கிடையாது" என்றார்.

மூட்டைக்கு மூட்டை குத்தி எடுத்து, சல்லடையில் சலித்து, வெள்ளைத் தட்டில் பரப்பினார். செத்த வண்டுகள், மிளகுத் தூள் போல. திடீரென்று அவர் கை நின்றது. ஒரு வண்டின் கால் ஆடியது.

மறுபடி ஆடியது. ஐம்பது பெண்கள், சாந்தி, கப்பல் எல்லாம் அந்த ஒரு மயிரிழைக் காலில் தொங்கின. டோ கின் பேனா முனையால் தொட்டார். தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்து மறுபடி குனிந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சாமுவேல் பர்மிய மொழியில் திட்டினார். தலைக்கு மேலிருந்த மின்விசிறி மெள்ளச் சுற்றி, தயங்கி, நின்றது.

வண்டின் காலும் நின்றது.

டோ கின் சிரிக்கத் தொடங்கினார். முதல் முறையாக அவர் பற்களைப் பார்த்தேன். கதவருகே வெளிச்சத்துக்குத் தட்டைக் கொண்டுபோய், முழுதாகப் பத்து நிமிடம் பார்த்தார். அசைவே இல்லை. பிறகு ஒரு மூட்டையையே மேசையாக்கிக் கையெழுத்திட்டார். முத்திரை விழுந்த சத்தத்தில் சாம்பல் பூனை மறுபடி ஓடியது. முத்திரையை மூடி வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார்.

"இப்போது கொடுங்கள், அமா. அந்த அப்பளம்."

மற்றதெல்லாம் ஓட்டம்தான். மூட்டைகள் பெட்டிக்குள் ஏறின. பெட்டிக்கு முத்திரை போட்டார்கள். லாரியின் முன்பலகையில் ஓட்டுநரோடு நாங்கள் மூன்று பேர். பாலத்தில் ஒரு மணி நேரம் நெரிசல். ஆற்றைப் பார்த்துக்கொண்டே நான் நகம் முழுவதையும் கடித்து முடித்தேன். திலாவா துறைமுகக் கதவில் எங்கள் லாரி நுழைந்தபோது நாலு நாற்பது. பெட்டியின் பின்புறம் கதவுக்கு அப்பால் மறைந்ததும் சாந்தியைக் கூப்பிட்டேன்.

"உள்ளே போயிருச்சுடி!"

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ கத்தினாள். அதைத் தொடர்ந்து போனுக்குள் ஐம்பது பெண்களின் குலவை எழுந்தது. போனை உயரத் தூக்கிப் பிடித்தேன். ஊ தௌங் கேட்டார். சாமுவேல் கேட்டார். துறைமுகக் காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வங்கக் கடலைத் தாண்டி வந்த அந்தக் குலவை பர்மா மழையில் நனைந்துகொண்டு நின்றது.

பக்கத்தில்தான் கியாக்தான் என்ற ஊர். ஆற்றுக்கு நடுவே தீவில் பொன்னாக ஒரு பகோடா. படகில் போய் மீனுக்குப் பொரி போட்டோம். கெளுத்திகள் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஊ தௌங் சட்டைப் பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அப்பளத்தை எடுத்தார். நமுத்துப்போயிருந்தது. பாதியை மீனுக்குப் போட்டு, பாதியைத் தானே தின்றார்.

கரைக்குத் திரும்பியபோது யாங்கோன் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. நான் அதில் ஏறி அப்படியே விமான நிலையம் போகவேண்டும். அவர்கள் இருவரும் லாரியில் திரும்புவார்கள். படியில் கால் வைத்தேன். ஊ தௌங் கையிலிருந்த குடைக் கம்பால் என் துணிப் பெட்டியை மூன்று முறை மெதுவாகத் தட்டினார். உள்ளே யாராவது இருந்தால் இறங்கிக்கொள்ளட்டும் என்பதுபோல. பிறகு சாமுவேலிடம் நீளமாக ஏதோ சொன்னார். பேருந்து நகர்ந்தது. சாமுவேல் கூடவே ஓடிவந்து கத்தினார்:

"அக்கா! அடுத்த தடவை பௌர்ணமியிலேயே வரச் சொல்றாரு! சாப்பிட மட்டும் வரணுமாம், வேலை எதுவும் கொண்டு வரக்கூடாதாம்!"